மலாக்காத் தெருவில் கை நனைத்த நாள்

எங்கள் தோட்டத்தில் பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் சோறு போட மாட்டோம். காப்பி கொடுப்போம், கேசரி கொடுப்போம், வடை கொடுப்போம், ஆசைப்பட்டால் இன்னொரு வடையும் வைப்போம். சோறு மட்டும் கிடையாது. இரண்டு பக்கத்தில் யார் சோற்றில் கை நனைத்துவிட்டாலும் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பெண்ணைக் கொடுத்தாச்சு, எடுத்தாச்சு. அதற்குப் பிறகு பின்வாங்குகிற குடும்பத்தோடு லயத்து வரிசை வீடுகளில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ரப்பர் பால்மரம் இருந்த காலத்தில் அப்படித்தான் இருந்தது. மரத்தையெல்லாம் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகும் அப்படியேதான் இருக்கிறது. லயத்தில் இப்போது பாதி வீடுகளில் வங்காளதேசத்துப் பையன்கள்தான் குடியிருக்கிறார்கள். மிச்சமிருக்கிற நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் மட்டும் இந்தச் சோற்றுக் கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

என் வீட்டுக்காரர் தோட்டத்தில் பழ லோரி ஓட்டுகிறார். வெட்டிப் போட்ட செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலைக்குப் போவார், வருவார். அதிகம் பேசாத மனுஷன். ஆனால் கை நனைக்கிற விஷயத்தில் அவரிடம் விளையாட முடியாது. அவர் கூடப்பிறந்த தங்கையை அப்படித்தான் கொடுத்தார்கள். என் மாமனார் மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தார். மறுவாரமே அந்த மாப்பிள்ளை குடித்துவிட்டுப் பெற்ற தாயை அடிக்கிறவன் என்று தெரிய வந்தது. சாப்பிட்டாச்சே, இனி என்ன செய்வது என்று பெண்ணைக் கொடுத்தார். அந்தப் பெண் பட்ட பாட்டை நான் இங்கே எழுதப் போவதில்லை, எழுதினால் எனக்கு ரத்தம் கொதிக்கும். இதையெல்லாம் கண்ணால் பார்த்தும் என் வீட்டுக்காரர் தன் அப்பா செய்தது தப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை. சாப்பிட்டவர் வேறு என்ன செய்ய முடியும் என்றுதான் கேட்பார். இந்தப் பதிலுக்காகவே அவரோடு நான் பல தடவை பேச்சை நிறுத்தியிருக்கிறேன்.

எங்களுக்கு ஒரே பெண். செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் சாமான்களைச் சோதித்துப் பார்க்கிற பிரிவில் சூப்பர்வைசர் வேலை. விடியும் முன்னே கம்பெனி பஸ் தோட்டத்து வாசலுக்கு வந்துவிடும். முப்பதைத் தாண்டிவிட்டாள். அதற்குப் பிறகு கோயிலுக்குப் போனால் கும்பிடுகிறவர்கள் சாமியைப் பார்க்காமல் என்னைத்தான் பார்க்கிறார்கள். எப்போ கல்யாணச் சாப்பாடு போடப் போறீங்க என்று வாய் கூசாமல் கேட்பார்கள். எனக்கும் உள்ளுக்குள் பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பயத்தில்தான் சிரம்பானிலிருந்து இந்தச் சம்பந்தம் வந்ததும் சரி என்று தலையாட்டினேன். பையன் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறான், தினமும் ரயிலில் போய் வருகிறான், அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

பையனின் அம்மா போனில் பேசினார். தோட்டத்துக்கு வர முடியாதாம். செம்மண் ரோட்டில் வந்தால் புதுக் காடி, கார்தான், அழுக்காகிவிடுமாம். அதோடு இப்போதெல்லாம் வீட்டுக்கு வந்து பெண் பார்ப்பது பழைய முறையாம், பிள்ளைகள் வெளியே எங்காவது ஜாலான் ஜாலான் என்று சுற்றப் போய் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதுதான் நாகரிகமாம். மலாக்காவுக்குப் போகலாம், பழைய ஊர், சுற்றிப் பார்க்க இடம் இருக்கிறது, அந்தப் பெரிய தெருவில் சாப்பாடு மலிவு என்று ஆசையாகச் சொன்னார். காடி அழுக்காகும் என்றதுமே நான் போனை வைத்திருக்க வேண்டும். வைக்காமல், வடை சுடுகிற வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். வீடே இல்லாத இடத்தில் கை நனைக்கிற பேச்சும் வராது என்று எனக்கு நானே ஒரு கெட்டிக்காரத்தனம் வேறு.

சனிக்கிழமை காலையில் தோட்டத்து வாசலில், தார் ரோடு முடிகிற இடத்தில், காடி வந்து நின்றது. செம்மண்ணில் ஒரு சக்கரம்கூட வைக்கவில்லை. நாங்கள்தான் நடந்து போனோம். ஏறும் முன் செருப்பைத் தட்டிவிட்டு ஏறச் சொன்னான் பையன். என் வீட்டுக்காரருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தட்டிவிட்டுத்தான் ஏறினார்.

அவருக்கு இனிப்பு நீர் வியாதி இருக்கிறது. காலையில் மாத்திரை போட்டு இரண்டு ரொட்டி சாப்பிட்டிருந்தார், மத்தியானம் நேரத்துக்குச் சோறு உள்ளே போகாவிட்டால் கை நடுங்க ஆரம்பித்துவிடும். அதை நான் காடியிலேயே சொன்னேன். கவலையே படாதீங்க அண்ணி, சரியான நேரத்துக்குப் பிரமாதமான சோறு என்று பையனின் அம்மா என் தொடையில் தட்டினார். தட்டிய கையில் எண்ணெய். வழியில் வாழைப்பழப் பொரியல் வாங்கித் தின்றுகொண்டே வந்தார். என் புடைவையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

மலாக்காவை நான் சின்ன வயதில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அப்போது ஏதோ கடலும் காற்றும் இருந்தது. இப்போது என்ன கருமத்தைச் சொல்வது! சிவப்புக் கட்டடங்கள் முன்னால் மனிதத் தலைகள். ஒவ்வொரு தலைக்கு முன்னாலும் ஒரு போன். போர்ச்சுகீசியர் வந்தார்கள், டச்சுக்காரர் வந்தார்கள், வெள்ளைக்காரர் வந்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அவர்கள் விட்டுப்போன பீரங்கி ஒன்று அங்கே நிற்கிறது. அதன் வாயில் யாரோ தின்று முடித்த ஐஸ்கிரீம் கோப்பையைச் செருகி வைத்திருந்தார்கள். உள்ளே எறும்பு மொய்த்தது. அந்தப் பீரங்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம் படம் எடுத்தது. ஆற்றங்கரையில் நின்றால் தண்ணீரிலிருந்து ஒரு வாடை. என் வீட்டுக்காரர் ஆற்றில் உடும்பு நீந்துகிறது என்று ஆசையாகக் காட்டினார். பையன் எட்டிப் பார்த்து, தொண்டையைக் காறி, அந்த உடும்பின் மேல் குறி வைத்துத் துப்பினான். துப்பிவிட்டு எங்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான்.

சரி, ஆம்பிளைப் பிள்ளைகள் சிலது அப்படித்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வயசுப் பெண்ணை வைத்திருப்பவள் எதையெல்லாம் சமாதானமாக எடுத்துக்கொள்கிறாள் என்று நினைத்தால் இப்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

பாலத்தைத் தாண்டினால் அந்தத் தெரு. பழைய வீடுகள் அழகுதான், பொய் சொல்லக் கூடாது. பூப்போட்ட ஓடு, செதுக்கிய கதவு, உள்ளே இருட்டில் ஊதுவத்தி. ஆனால் வீட்டை யார் பார்க்கிறார்கள்? வாசலுக்கு வாசல் அடுப்பு. ஒரு பக்கம் டுரியான் பழ மாவுருண்டை, இன்னொரு பக்கம் புளித்த சோயாக்கட்டியை எண்ணெயில் போட்டுப் பொரிக்கிறார்கள். அந்த வாடையை என்னவென்று சொல்வது, மழைக்காலத்தில் ஒரு வாரம் காயாமல் கிடந்த காலுறை மாதிரி. ஜனங்கள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். கடைகளுக்கு முன்னால் ஓடுகிற ஐந்தடி வழியில் நடந்தால் செருப்பு ஒட்டுகிறது. காலுக்கடியில் குச்சி, காகிதக் கோப்பை, பாதி தின்ற கணவாய்க் கால். சாக்கடை மூடியின் இடுக்கு வழியாகக் கரப்பான்பூச்சி தலையை நீட்டி எங்களைப் போலவே சுற்றிப் பார்த்தது. எங்கள் லயத்துச் சாக்கடையை நாங்கள் வாரத்துக்கு ஒரு தடவை தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுகிறோம். தோட்டத்து ஆட்கள் அழுக்கு என்று மூக்கைப் பிடிக்கிற பட்டணத்துக்காரர்கள் இந்தத் தெருவில் நின்று வாயைத் திறந்து திறந்து தின்றார்கள்.

பையனின் அம்மாவுக்குத் தெருவே சொந்தம் போல. ஒவ்வொரு கடையிலும் ருசி பார்க்க வைத்திருக்கிற அன்னாசிப் பிஸ்கட்டை எடுத்துக் கடிப்பார், பிடிக்காவிட்டால் மிச்சத்தைத் தட்டிலேயே திருப்பி வைப்பார். கடைக்காரப் பெண் பார்த்துக்கொண்டே நின்றாள். நான்தான் கூசிப்போய் அந்தத் துண்டை எடுத்துக் குப்பையில் போட்டேன். அதற்கப்புறம் அவர் காடை முட்டை வாங்கி, பல் குத்திக்கொண்டிருந்த அதே விரலால் உரித்து, என் மகளின் வாயருகே நீட்டினார். அவள் வயிறு சரியில்லை என்று பணிவாகச் சொல்லித் தள்ளி நின்றாள். அவர் விடாமல் அவள் கையைப் பிடித்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிறம் கொஞ்சம் கம்மிதான், பரவாயில்லை, கல்யாணத்துக்குள் க்ரீம் போட்டுச் சரி பண்ணிடலாம் என்றார். கத்தரிக்காய் வாங்கும்போதுகூட நான் இப்படி அழுத்திப் பார்த்ததில்லை.

என் நாக்கு நுனி வரை வார்த்தை வந்தது. என் வீட்டுக்காரர் என் முழங்கையைத் தொட்டார். அடங்கிப் போனேன்.

அடுத்து சாத்தே. இறைச்சியைக் குச்சியில் குத்திச் சுடுகிற சாதாரணச் சாத்தே இல்லை. மேசை நடுவில் ஒரு குழி, அதில் ஒரு சட்டி, சட்டியில் கச்சாங் என்கிற வேர்க்கடலைக் குழம்பு கொதிக்கிறது. குச்சியில் குத்திய இறால், நத்தை, மீன் உருண்டை எல்லாவற்றையும் அந்தக் குழம்பில் முக்கி வேகவைத்துத் தின்ன வேண்டும். நமக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் முக்கிய அதே குழம்புதான், மேலே கொஞ்சம் புதுசு ஊற்றிக் கிண்டுகிறார்கள். அதைப் பார்த்ததுமே எனக்குப் போதும் என்றாகிவிட்டது. பையன் ஒரு குச்சியை முக்கினான், தின்றான், குச்சியை நாக்கால் வழித்தான், அதே குச்சியில் இன்னொரு உருண்டையைக் குத்தி மறுபடியும் சட்டிக்குள் விட்டான். அடுத்த மேசையில் ஒரு சீனக் கிழவி அதைப் பார்த்துவிட்டுத் தன் பேரனைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டாள். எனக்கும் அப்படி எழுந்து போக எங்காவது ஒரு மேசை இருந்திருக்கலாம். நாங்கள் மூவரும் வெறும் தண்ணீர் குடித்தோம். என் வீட்டுக்காரர் மணியைப் பார்த்தார்.

அங்கிருந்து வெளியே வந்ததும் பிள்ளைகள் இருவரையும் ஒரு முச்சக்கர வண்டியில் ஏற்ற வேண்டும் என்று பையனின் அம்மா பிடிவாதம் பிடித்தார். தனியாகக் கொஞ்சம் பேசட்டுமே என்றார். வண்டி முழுக்கப் பிளாஸ்டிக் பூ, பூனைப் பொம்மை, கால் மாட்டில் காது கிழிகிற பாட்டுப் பெட்டி. ஓட்டியவருக்கு எழுபது வயது இருக்கும். நாங்கள் பின்னால் நடந்தோம். சமதரையில் வண்டி போனது. குன்றடியில் ரோடு ஏறுகிற இடத்தில் அவரால் மிதிக்க முடியவில்லை, எழுந்து நின்று மிதித்தார், முதுகுச் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. பையன் இறங்கவில்லை. போனை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டி வீடியோ எடுத்தான்.

"பாருங்க மக்களே, தாத்தா இன்னும் உயிரோடதான் இருக்காரு லா. மிதிங்க தாத்தா, மிதிங்க."

அவர் தமிழர் இல்லை, அவன் சொன்னது அவருக்குப் புரிந்திருக்காது. சிரிப்பு மட்டும் புரிந்திருக்கும். என் மகள் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். இறங்கி, பின்னால் வந்து, வண்டியைத் தள்ள ஆரம்பித்தாள். நாங்கள் போய்ச் சேரும்போது அவள் கன்னம் சிவந்து, உதடு இறுகி இருந்தது. பையன் அதையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். எங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணுக்கு நல்ல உடம்பு என்று அவன் அம்மா கைகொட்டிச் சிரித்தார்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இது வேண்டாம். வீட்டுக்குப் போனதும் போன் பண்ணி, ஜாதகம் சரியில்லை, சாமி உத்தரவு கொடுக்கவில்லை, எதையாவது சொல்லி முடித்துவிடலாம் என்று முடிவு பண்ணினேன். இன்னும் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போதும். மகள் முகத்தைப் பார்த்தேன், அவளும் அதைத்தான் நினைக்கிறாள் என்று பட்டது. அவள் அப்பா எதையும் நினைக்கிற நிலையில் இல்லை. நெற்றியில் வேர்வை பூத்து, உதடு வெளுத்து, விரல் நுனி நடுங்கத் தொடங்கியிருந்தது.

கோழிச்சோற்றுக் கடை மறுபடியும் அந்தத் தெருவில்தான். வெயிலில் நீள வரிசை. நான் முன்னால் போய் எனக்குத் தெரிந்த மலாயில் கெஞ்சி, என் வீட்டுக்காரருக்கு ஒரு நாற்காலி வாங்கி உட்கார வைத்தேன். உள்ளே இடம் கிடைத்தபோது அவர் பேச்சு குழறியது. சோறு வந்தது. சோறா அது! பிடித்துப் பிடித்து உருண்டையாக்கி வைத்திருக்கிறார்கள். யார் கையோ உருட்டியது, எந்தக் கை, கழுவிய கையா, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். மேசைத் துணியில் முன்னால் தின்றவர்களின் எலும்பு. ஈ ஒன்று சோற்று உருண்டையில் உட்கார்ந்து கால் தேய்த்தது. வேறு நேரமாக இருந்தால் எழுந்து போயிருப்பேன். அன்றைக்கு நானே அந்த ஈயை விரட்டிவிட்டு, தட்டை அவர் பக்கம் நகர்த்தி, சாப்பிடுங்க என்றேன். கரண்டி அவர் கையில் நிற்கவில்லை. கையாலேயே பிசைந்து வேகவேகமாகச் சாப்பிட்டார். பையனின் அம்மா தன் தட்டிலிருந்து இரண்டு உருண்டையை எடுத்து அவர் தட்டில் வைத்தார். பாவம், பசியில் அவர் அதையும் சாப்பிட்டார். எனக்குக்கூட அந்த ஒரு நிமிஷம் அந்தம்மாள்மேல் கொஞ்சம் நல்லெண்ணம் வந்தது.

அவர் தட்டு காலியாகும் வரை அந்தம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். காலியானதும் வாயைத் துடைத்துக்கொண்டார், நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்ப சரி. கை நனைச்சாச்சு. இனிமே சம்பந்தின்னே கூப்பிடலாம்."

பையன் உடனே போனில் யாருக்கோ, முடிஞ்சிருச்சு மாமா, தேதி பாருங்க என்று சொல்ல ஆரம்பித்தான். இதற்காகத்தான் தோட்டத்துக்கு வரவில்லை, இதற்காகத்தான் நேரத்துக்குச் சோறு தருகிறேன் என்று வயிறு காய வைத்து இழுத்தடித்தார்கள் என்று எனக்கு அந்த நொடியில் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். தெருவில் தின்றதற்கெல்லாம் என்ன சம்பிரதாயம், மனுஷன் மயங்கி விழாமல் இருக்கச் சாப்பிட்டார், அதைப் போய்ச் சம்பந்தம் என்கிறீர்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கிறதா என்று கேட்டேன். குரல் உயர்ந்துதான் போனது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தம்மாள் என்னை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நேராக என் வீட்டுக்காரரிடம் திரும்பினார்.

"அண்ணே, நான் பட்டணத்துல இருந்தாலும் பொறந்தது தோட்டந்தான். சோறு எங்க தின்னாலும் சோறுதான். என் தட்டுல இருந்து எடுத்து வச்சேன், நீங்க சாப்பிட்டீங்க. ஒங்களுக்கு நான் சொல்லித்தான் தெரியணுமா?"

எங்கே அடித்தால் விழும் என்று தெரிந்து அடித்தார். என் வீட்டுக்காரர் தன் கையைப் பார்த்தார். விரல்களில் சோற்றுப் பருக்கை காய்ந்துகொண்டிருந்தது. நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன், பேசுங்க, வாயைத் திறந்து முடியாதுன்னு சொல்லுங்க என்று கெஞ்சினேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை. அந்த மௌனம் எனக்குப் பழக்கமானது. சாப்பிட்டவர் வேறு என்ன செய்ய முடியும் என்று கேட்பாரே, அதற்கு முன்னால் வருகிற மௌனம். அந்தத் தெருவில் அதுவரை பார்த்த எதுவும் என்னை அவ்வளவு அருவருக்க வைக்கவில்லை. தொட்டுத் தாலி கட்டிய மனுஷன்மேல் எனக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

அவர் மகளைப் பார்த்தார். அவள் முன்னால் சோறு வைத்தது வைத்தபடி இருந்தது.

"ஒனக்கு இஷ்டமாம்மா?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, அதைக் காட்டாமல் இருக்கக் குனிந்துகொண்டாள்.

"நீங்க சாப்பிட்டுட்டீங்களேப்பா."

இஷ்டம் இல்லை என்று அவள் சொல்லவில்லை. அப்பா சாப்பிட்டுவிட்டார், அதனால் போகிறேன் என்றுதான் சொன்னாள். முப்பதைத் தாண்டிய பெண், தொழிற்சாலையில் பத்துப் பேரை வேலை வாங்குகிறவள், அப்பாவின் வயிற்றுக்குள் போன இரண்டு பிடி சோற்றுக்காக அந்தப் பையன் வீட்டுக்குப் போகத் தயாராக உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஓவென்று கத்த வேண்டும் போல இருந்தது.

என் வீட்டுக்காரர் எழுந்தார். கை கழுவப் போகிறார் என்று நினைத்தேன். குழாயைத் தாண்டி வாசலுக்குப் போனார். தெரு ஓரத்தில் சாக்கடைக்கு மூடி இல்லாத ஓரிடம், அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டார்.

வாசலில் படம் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அலறிக்கொண்டு ஒதுங்கினார்கள். வரிசை கலைந்தது. கடைக்காரர் ஓடி வந்து சீன மொழியில் திட்டினார். என் வீட்டுக்காரர் எதையும் காதில் வாங்கவில்லை. ஒரு தடவை வந்தது. மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் விரலை விட்டார். நான் ஓடிப்போய் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். போதும், உசுரு போயிடும், போதும் என்று அழுதேன். தலையை ஆட்டினார். வெறும் மஞ்சள் தண்ணீர் வருகிற வரை அவர் நிறுத்தவில்லை. பிறகு என் தோளைப் பிடித்து எழுந்து, தள்ளாடியபடியே கடைக்குள் போய் அந்த மேசை முன்னால் நின்றார். பையனின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, நீங்க வச்ச சோறு அங்க கெடக்கு. என் வயித்துல இல்ல. எம்பொண்ணு வரமாட்டா."

அந்தம்மாள் சீ என்றார். என்ன ஜென்மங்கள், தோட்டக்காட்டு புத்தி போகுமா என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார். பையன் தன் அம்மாவை இழுத்துக்கொண்டு வெளியே போனான். சாக்கடைப் பக்கம் வந்ததும் காலைத் தூக்கித் தூக்கி வைத்துத் தாண்டிப் போனான். நாங்கள் எப்படி வீட்டுக்குப் போவோம் என்று அவர்கள் கேட்கவில்லை. பஸ் இருக்கிறது, போய்விடலாம்.

என் வீட்டுக்காரர் ஐந்தடி வழித் தூணில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மாத்திரை உள்ளே இருக்கிறது, சோறு இல்லை. உடம்பு மொத்தமும் ஆடியது. மகள் ஓடிப்போய்க் கரும்புச் சாறு வாங்கி வந்தாள். பக்கத்தில் மண்டியிட்டு, அவர் தலையைத் தன் தோளில் சாய்த்து, உறிஞ்சியை வாயில் வைத்தாள். நான் அவர் வாயையும் தாடையையும் என் கையாலேயே துடைத்தேன். போகிற வருகிறவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு எங்களைச் சுற்றிப் போனார்கள். ஒருத்தன் நின்று போனைத் தூக்கினான். நான் பார்த்த பார்வையில் கீழே இறக்கிவிட்டான்.

பாதிச் சாறு இறங்கிய பிறகு அவர் முகத்தில் நிறம் திரும்பியது. அப்பா செஞ்சது தப்பு என்றார். மகள் ஏதோ அவசரமாகச் சமாதானம் சொல்லப் போனாள், நீங்க ஒண்ணும் தப்பு பண்ணலப்பா என்று. அவர் தலையை ஆட்டினார். தன்னைச் சொல்லவில்லையாம்.

"எங்கப்பா. தங்கச்சிக்கு. அவரும் இத செஞ்சிருக்கலாம்."

சொல்லிவிட்டு அழுதார். அவரை நான் கட்டிக்கொண்டு வந்த இத்தனை வருஷத்தில், தங்கை செத்த வீட்டில்கூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.